ஒரு மாவட்டத்தில் யுவைட்டிஸ் எத்தனை பேருக்கு? கணக்கெடுக்க முழுமையான வழிகாட்டி

ஹைதராபாத் நகரில் 2,522 பேரைப் பரிசோதித்து 2000-ல் வெளியிடப்பட்ட ஆய்வின்படி, கண்ணின் உட்பகுதியில் வரும் அழற்சியான யுவைட்டிஸ் நூற்றுக்கு 0.73 பேருக்கு இருந்தது. லட்சத்துக்குக் கணக்குப் போட்டால் 730 பேர். வடக்கு கலிஃபோர்னியாவில் 7,31,898 பேர் கொண்ட மக்கள்தொகையை வைத்துச் செய்து 2004-ல் வெளியான ஆய்வில் அது லட்சத்துக்கு 115 பேர்தான். ஆறு மடங்குக்கு மேல் வித்தியாசம்.

இதைப் பார்த்ததும் “இந்தியாவில் ஆறு மடங்கு அதிகம்” என்று எழுதிவிடுகிறார்கள். அப்படி எழுத முடியாது. ஹைதராபாத்தில் வீட்டுக்குப் போய் ஆட்களைத் தேர்ந்தெடுத்து, தொந்தரவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் எல்லோர் கண்ணையும் பார்த்தார்கள். என்றோ வந்து ஆறிப்போன தழும்பையும் எண்ணிக்கையில் சேர்த்தார்கள். அங்கே அதிகம் கிடைத்ததே விழித்திரையின் நடுப்பகுதியில் இருந்த பழைய தழும்புகள்தான். கலிஃபோர்னியாவிலோ ஓர் ஆண்டுக் காலத்தில் மருத்துவரிடம் வந்து பதிவானவர்களை மட்டும் எண்ணினார்கள். இரண்டு எண்ணும் சரி. ஆனால் இரண்டும் ஒரே பொருளை அளக்கவில்லை.

எதை எண்ணப்போகிறோம் என்பதைக் கணக்கெடுப்பு தொடங்கும் முன்பே எழுத்தில் வைத்துவிட வேண்டும். இந்த வழிகாட்டி முழுக்க அதைச் சுற்றித்தான் போகிறது. கண் மருத்துவ மேற்படிப்பு மாணவர்கள், ஆப்தோமெட்ரிஸ்டுகள், மாவட்ட அளவில் கண் நோய்க் கணக்கெடுப்பு நடத்தும் பொதுச் சுகாதாரக் குழுக்கள் ஆகியோருக்காக எழுதியது.

படி 1: யாரை நோயாளி என்று எண்ணுவது

ஐரிஸ், அதன் பின்னால் உள்ள சிலியரி பாடி, விழித்திரைக்கு அடியில் உள்ள கோராய்டு ஆகிய மூன்றும் சேர்ந்ததுதான் யுவியா. அதில் வரும் அழற்சி யுவைட்டிஸ். 2005-ல் வெளியான ‘சன்’ (யுவைட்டிஸ் பெயரீட்டைச் சீராக்க அமைந்த சர்வதேசக் குழு) வகைப்பாட்டைத்தான் இன்று உலகம் முழுக்கப் பயன்படுத்துகிறார்கள். அழற்சி முதன்மையாக எங்கே இருக்கிறது என்பதைப் பார்த்து நான்காகப் பிரிப்பது அதன் முறை: முன்னறையில் (கார்னியாவுக்கும் ஐரிஸுக்கும் நடுவில்) என்றால் முன்பகுதி யுவைட்டிஸ், விட்ரியஸில் (லென்ஸுக்குப் பின்னால் உள்ள கூழில்) என்றால் இடைப்பகுதி, விழித்திரை அல்லது கோராய்டில் என்றால் பின்பகுதி, எல்லாவற்றிலும் என்றால் பான்யுவைட்டிஸ். சொந்தமாக வேறு பிரிவு கண்டுபிடிக்க வேண்டாம். நாளைக்கு இன்னோர் ஆய்வோடு ஒப்பிட வழியில்லாமல் போய்விடும்.

ஒரு தாளில் இந்த நான்கு கேள்விக்கும் விடை எழுதிக் குழுவில் எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள்:

- இப்போது அழற்சி இருப்பவர் மட்டுமா, ஆறிய தடயம் இருப்பவரும் சேர்த்தியா?
- கண்புரை அறுவைக்குப் பிறகு வந்த அழற்சி, அடிபட்டதால் வந்த அழற்சி சேர்த்தியா?
- முற்றிப்போன கண்புரையிலிருந்து லென்ஸ் புரதம் கசிந்து வந்த அழற்சி சேர்த்தியா?
- “தீவிரமான நோய்” என்று எதைச் சொல்வோம்?

மூன்றாவது கேள்வி நம் பக்கத்துக்கு முக்கியம். அறுவைக்கு வராமல் தள்ளிப்போட்ட வயதானவர்கள் இருக்கும் கிராமங்களில் இந்த வகை கிடைக்கும். அதை யுவைட்டிஸோடு கலந்தால் எண் வீங்கும். தனிப் பத்தியில் எழுதி, கூட்டுத்தொகையில் சேர்க்காமல் வைப்பதே நல்லது.

நான்காவதற்கு நாங்கள் பரிந்துரைக்கும் வரையறை இதுதான்: இடைப்பகுதி, பின்பகுதி, பான்யுவைட்டிஸ் எதுவாக இருந்தாலும் தீவிரம். முன்பகுதி என்றால், அந்த நோயாலேயே கண்ணாடி போட்ட பிறகும் பார்வை 6/18-க்குக் கீழே (மற்றவர் 18 மீட்டரில் படிப்பதை 6 மீட்டரில்கூடப் படிக்க முடியாமல்) இருந்தால் தீவிரம்.

படி 2: பரவல் வீதமா, நிகழ்வு வீதமா

இன்றைய தேதியில் நோயோடு இருப்பவர் எத்தனை பேர் என்பது பரவல் வீதம். ஓர் ஆண்டில் புதிதாக நோய் வந்தவர் எத்தனை பேர் என்பது நிகழ்வு வீதம். கலிஃபோர்னியா ஆய்வில் நிகழ்வு வீதம் லட்சத்துக்கு ஆண்டுக்கு 52.4, ஓராண்டுப் பரவல் வீதம் 115.3.

இரண்டையும் இணைப்பது நோய் நீடிக்கும் காலம். ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம். திடீரென்று வந்து ஆறு வாரத்தில் அடங்கும் முன்பகுதி யுவைட்டிஸ் ஆண்டுக்கு லட்சத்தில் 30 பேருக்குப் புதிதாக வருகிறது என்று வையுங்கள். 30-ஐ 52-ல் 6 பங்கு ஆக்கினால் ஏதாவது ஒரு நாளில் நோயோடு இருப்பவர் லட்சத்துக்கு 3.5 பேர்தான். இடைப்பகுதி யுவைட்டிஸ் ஆண்டுக்கு 3 பேருக்கு மட்டும் வந்து, ஆனால் ஐந்து வருடம் நீடித்தால், எந்த நாளிலும் 15 பேர் இருப்பார்கள். ஓ.பி.யில் பத்தில் ஒருவராகத் தெரியும் நோய், ஊரில் எண்ணும்போது நான்கு மடங்கு பெரிதாகத் தெரியும்.

இதிலிருந்து வரும் நடைமுறை விளைவைப் பாருங்கள். வீடு வீடாகப் போகும் கணக்கெடுப்பில் சிவந்து கூசும் கண்ணோடு ஒருவர் கிடைக்க, மேலே உள்ள கணக்குப்படி சுமார் 29,000 பேரைப் பார்க்க வேண்டும். ஆக, களத்தில் நீங்கள் பிடிக்கப்போவது பெரும்பாலும் நாள்பட்ட நோயும் பழைய தடயமும்தான். திடீர் அழற்சி எத்தனை பேருக்கு வருகிறது என்று தெரிய வேண்டுமானால், களக் கணக்கெடுப்பு அதற்கான கருவியே அல்ல. மருத்துவமனைப் பதிவேடுதான் வழி.

படி 3: பதிவேட்டிலிருந்து எடுப்பதானால்

நோய்களுக்கான சர்வதேசக் குறியீடான ஐ.சி.டி-10-ல் எச்20, எச்22, எச்30, எச்32 ஆகியவற்றில் தொடங்குங்கள். எண்டோஃப்தால்மிட்டிஸும் (கண்ணுக்குள் வரும் கடும் தொற்று) அடங்கிய தொகுதியான எச்44-ஐயும் திறந்து பாருங்கள், பான்யுவைட்டிஸ் அங்கே ஒளிந்திருக்கும். ஆனால் குறியீட்டை அப்படியே எண்ணிவிடாதீர்கள். கலிஃபோர்னியாக் குழு கணினியில் தேடியபோது 2,070 பேர் வந்தார்கள். ஒவ்வொருவர் கேஸ் ஷீட்டையும் படித்துப் பார்த்த பிறகு உறுதியானவர்கள் 844 பேர். அவர்களில் 382 பேர் புதியவர்கள். தாளைப் படிக்காமல் விட்டிருந்தால் லட்சத்துக்கு 115 என்பது 283 ஆகியிருக்கும். அறுவைக்குப் பிந்தைய அழற்சி, “சந்தேகம்” என்று போட்டுப் பிறகு மாற்றியது, ஒரே ஆளுக்கு இரண்டு எண் என்று பல விதமாக எண் பெருகும்.

அதைவிடப் பெரிய சிக்கல் வகுத்தியில், அதாவது எத்தனை பேரில் என்று வகுக்கும் மொத்த எண்ணில், இருக்கிறது. கலிஃபோர்னியாவில் ஒரே காப்பீட்டு அமைப்பின் உறுப்பினர் பட்டியல் இருந்தது. இத்தனை பேரில் இத்தனை பேர் என்று சொல்ல முடிந்தது. நம் ஊரில் ஒரு பெரிய கண் மருத்துவமனைக்கு மூன்று மாவட்டத்திலிருந்தும் பக்கத்து மாநிலத்திலிருந்தும் வருவார்கள். அதே ஊரில் பாதிப் பேர் வேறு கிளினிக்குக்கோ, நேராக மருந்துக் கடைக்கோ போவார்கள். “எங்கள் மருத்துவமனைக்கு வந்தவர்களில் நூற்றுக்கு இவ்வளவு” என்பது மக்கள்தொகை வீதமே இல்லை.

மேல்சிகிச்சை மையத்தின் படம் எவ்வளவு கோணலாகும் என்பதற்கு லாஸ் ஏஞ்சலிஸில் 1996-ல் வெளியான ஒப்பீடு நல்ல சான்று. சாதாரணக் கிளினிக்குகளில் வந்த யுவைட்டிஸில் 90.6 சதவீதம் முன்பகுதி வகை. பல்கலைக்கழக மையத்தில் அதுவே 60.6 சதவீதம். கடினமான கேஸ்கள்தானே மேலே அனுப்பப்படும்.

மாவட்டத்தில் இரண்டு மூன்று மருத்துவமனைகளின் பட்டியல் கிடைத்தால், இரு பட்டியல் ஒப்பீடு செய்யலாம். ஒன்றில் 120 பேர், மற்றதில் 90 பேர், இரண்டிலும் இருப்பவர் 45 பேர் என்றால், 120-ஐ 90-ஆல் பெருக்கி 45-ஆல் வகுக்க 240 வரும். இது இரு பட்டியலும் ஒன்றையொன்று சாராதவை என்ற நம்பிக்கையில் நிற்கும் கணக்கு. ஒரு மருத்துவமனை மற்றதற்கு ஆள் அனுப்பினால் பொதுப்பெயர்கள் கூடி, விடை உண்மையைவிடக் குறைவாக வரும்.

படி 4: எத்தனை பேரைப் பரிசோதிப்பது

களத்துக்குப் போவதானால் இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். எதிர்பார்க்கும் வீதம் 0.3 சதவீதம், அதை இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ 0.1-க்குள் பிடிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கீழே உள்ள 3.84 என்பது 95 சதவீத உறுதிக்கான எண்.

3.84 × 0.003 × 0.997 ÷ 0.000001 = ஏறத்தாழ 11,490

தெருத் தெருவாக, கிராமம் கிராமமாகக் கொத்துகளாகத் தேர்ந்தெடுப்பதால் 1.5-ஆல் பெருக்குங்கள்: 17,235. நூற்றில் 85 பேர்தான் வருவார்கள் என்றால் 0.85-ஆல் வகுத்து 20,276. ஒரு குழு நாளைக்கு 40 பேரைப் பார்த்தால் 507 வேலை நாள்.

பிழை வரம்பை 0.2 ஆக்கினால் தேவை சுமார் 5,070 ஆகக் குறையும். செய்ய முடிகிற வேலைதான். ஆனால் கிடைக்கும் விடை “0.1 முதல் 0.5 வரை” என்றிருக்கும். 0.3-க்கும் 0.45-க்கும் வித்தியாசம் உண்டு என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. யுவைட்டிஸுக்கென்று தனியாகப் பணம் கேட்பதைவிட, கண் நீர் அழுத்தத்துக்கோ சர்க்கரை நோய் விழித்திரைக்கோ நடக்கும் பெரிய கணக்கெடுப்பில் ஒட்டிக்கொள்வது புத்திசாலித்தனம். அங்கே எல்லோருக்கும் எப்படியும் ஸ்லிட் லாம்ப் (கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் விளக்குக் கருவி) வைத்துப் பார்த்து, சொட்டு மருந்து போட்டு விழித்திரையும் பார்ப்பார்கள்.

ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்களிடம் நடத்தும் துரிதப் பார்வையிழப்புக் கணக்கெடுப்போடு மட்டும் ஒட்டிக்கொள்ள வேண்டாம். அந்தப் படிவத்தில் யுவைட்டிஸுக்குத் தனிக் கட்டம் கிடையாது. அந்த நோயால் வந்த கண்புரை “கண்புரை” என்றே போய்விடும்.

படி 5: வீட்டுப் பட்டியலும் கேள்விகளும்

யுவைட்டிஸ் நோயாளிகளில் பலர் வேலை பார்க்கும் வயதினர், இருபதிலிருந்து ஐம்பதுக்குள். பகல் பத்து மணிக்குக் கதவைத் தட்டினால் வீட்டில் இல்லாதவர்களும் அவர்கள்தான். மூன்று முறை போங்கள், அதில் ஒன்று ஞாயிறாகவோ சாயங்காலம் ஆறு மணிக்கு மேலோ இருக்கட்டும். வராதவர்களின் வயதையும் ஆணா பெண்ணா என்பதையும் எழுதிவைத்தால்தான் கடைசியில் எவ்வளவு இழந்தோம் என்று சொல்ல முடியும்.

“உங்களுக்கு யுவைட்டிஸ் வந்திருக்கிறதா” என்று கேட்டால் யாருக்கும் புரியாது. “கண் சிவந்ததா” என்று கேட்டால் எல்லோரும் மெட்ராஸ் ஐயைச் சொல்வார்கள். பயன்படும் கேள்விகள் இவை:

- கண் சிவந்து, வெளிச்சத்தைப் பார்த்தால் தாங்க முடியாமல் கூசி, உள்ளே வலித்ததா? பீளை தள்ளாமல் வெறும் தண்ணீர் மட்டும் வடிந்ததா?
- நன்றாகக் குலுக்கிப் போடச் சொல்லி வெள்ளை நிறச் சொட்டு மருந்து கொடுத்தார்களா? முதலில் மணிக்கு ஒரு தடவை போட்டு, பிறகு வாரா வாரம் குறைக்கச் சொன்னார்களா?
- கண்மணி விரிந்து பல நாள் கிட்டத்தில் படிக்க முடியாமல் இருந்ததா?
- ஒரு தடவை சரியாகி மறுபடியும் வந்ததா?

குலுக்கிப் போடும் வெள்ளை மருந்து என்பது பெரும்பாலும் பிரெட்னிசொலோன் அசிட்டேட். நோயின் பெயரை மறந்தவர்களும் இதை மறப்பதில்லை. பழைய சீட்டோ காலிக் குப்பியோ இருந்தால் வாங்கிப் பாருங்கள்.

ஆனால் கேள்வியை வைத்து ஆளை வடிகட்டி, “இல்லை” என்றவர்களை விட்டுவிடாதீர்கள். சிறு வயது மூட்டுவாதத்தோடு வரும் யுவைட்டிஸில் குழந்தையின் கண் வெள்ளையாக, வலியில்லாமல் இருக்கும். உள்ளே அழற்சி ஓடிக்கொண்டிருக்கும். விழித்திரையின் ஓரத் தழும்பும் அப்படித்தான், சம்பந்தப்பட்டவருக்கே தெரியாது.

படி 6: பரிசோதனை, வரிசை மாறாமல்

பள்ளி வகுப்பறை ஒன்றை எடுத்து சன்னல்களைக் கறுப்புத் துணியால் மூடுங்கள். இருட்டு சரியில்லை என்றால் லேசான ஃப்ளேர் (முன்னறை நீர் கலங்கித் தெரிவது) கண்ணுக்குப் படாது. மேசையில் பொருத்தும் ஸ்லிட் லாம்ப் வேண்டும். கையில் பிடிக்கும் கருவியில் ஒளிக்கற்றையை ஒரு மில்லிமீட்டருக்கு ஒரு மில்லிமீட்டராக நிலைநிறுத்தி எண்ணுவது நடக்காது. மின்சாரம் போனால் தாங்க யு.பி.எஸ். இருக்கட்டும்.

முதலில் பார்வை அளவு, பிறகு கண்மணியின் எதிர்வினை. அடுத்து முன்னறை. விரிக்கும் சொட்டு போடும் முன்னும், கண் அழுத்தம் பார்க்க ஃப்ளூரசின் சாயம் போடும் முன்னும் இதை முடித்துவிட வேண்டும். கண்மணி விரியும்போது ஐரிஸிலிருந்து நிறமித் துகள் உதிர்ந்து, அழற்சிச் செல் போலவே மிதக்கும். ஃப்ளூரசின் உள்ளே ஊடுருவினால் ஃப்ளேர் போலத் தெரியும். வரிசை மாறினால் இல்லாத நோயாளிகள் உருவாகிவிடுவார்கள்.

ஒளியை முழுப் பிரகாசத்தில், பக்கவாட்டில் சாய்த்து, 1 × 1 மி.மீ. கட்டமாக்கி, கண்மணியின் கறுப்புப் பின்னணியில் செல்களை எண்ணுங்கள். சன் அளவுகோல்:

- ஒன்றுக்கும் குறைவு: 0
- 1 முதல் 5: 0.5+
- 6 முதல் 15: 1+
- 16 முதல் 25: 2+
- 26 முதல் 50: 3+
- 50-க்கு மேல்: 4+

வெள்ளைச் செல் சூரிய ஒளியில் மிதக்கும் தூசி மாதிரி மினுங்கும். நிறமித் துகள் பழுப்பாக, சிறியதாக இருக்கும். அதை எண்ண வேண்டாம்.

கார்னியாவின் உட்புறம் படிந்த கே.பி.யை (அழற்சிச் செல்கள் திரண்ட படிவு) பாருங்கள். புதியது வெள்ளையாக, உருண்டையாக இருக்கும். பழையது சுருங்கி, ஓரம் பிசிறி, நிறமேறியிருக்கும். ஆறிய நோய்க்கு மிக நம்பகமான தடயம் ஐரிஸ் லென்ஸோடு ஒட்டிக்கொண்ட பின்ஒட்டு. சொட்டு மருந்து போட்டதும் இது கண்முன்னால் வெளிப்படும்: வட்டமாக விரிய வேண்டிய கண்மணி, ஒட்டிய இடங்களில் மட்டும் இழுத்துப் பிடிக்கப்பட்டு, பூவிதழ் ஓரம் மாதிரி நெளிநெளியாக நிற்கும். ஒட்டு விடுபட்டிருந்தால் லென்ஸின் முன்பரப்பில் பழுப்புப் புள்ளிகள் வளையமாக மிஞ்சியிருக்கும். இரண்டையும் படம் எடுத்துவிடுங்கள்.

விரிக்கும் முன் முன்னறையின் ஓரக் கோணம் குறுகலா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். குறுகலாக இருந்தால் சொட்டு போடாமல் மருத்துவமனைக்கு அனுப்புங்கள். பொதுவாக டிராபிக்கமைடு 0.8 சதவீதமும் ஃபினைல்எஃப்ரின் 5 சதவீதமும் கலந்த சொட்டு பயன்படும். ரத்த அழுத்தம், இதய நோய் உள்ளவர்களுக்கு டிராபிக்கமைடு மட்டும் போதும். அரை மணி நேரம் காத்திருந்து, 20 டயாப்டர் லென்ஸோடு இன்டைரக்ட் கருவியில் விட்ரியஸையும் விழித்திரையின் கீழ் ஓரம் வரையும் பாருங்கள். இடைப்பகுதி யுவைட்டிஸின் வெண்பனி போன்ற படிவு அங்கேதான் கிடக்கும். வண்டி ஓட்டி வந்தவர்களைச் சில மணி நேரம் ஓட்ட வேண்டாம் என்று சொல்லி அனுப்புங்கள்.

களத்துக்குப் போகும் முன், இரண்டு பரிசோதகர்களும் ஒரே 50 கண்ணைத் தனித்தனியாகப் பார்த்து எழுதட்டும். காப்பா மதிப்பு (இருவரும் எவ்வளவு ஒத்துப்போகிறார்கள் என்ற அளவு) 0.6-க்குக் கீழே வந்தால் மறுபடி பயிற்சி. பெரும்பாலும் சண்டை 0-க்கும் 0.5+-க்கும் நடுவில்தான் வரும். நோயாளியா இல்லையா என்பதைத் தீர்மானிக்கும் கோடும் அதுவே. 0.5+ மட்டும் இருந்து வேறு தடயமே இல்லாதவரை அடுத்த வாரம் மறுபரிசோதனை செய்த பிறகு முடிவெடுங்கள்.

படி 7: ஏமாற்றும் கண்கள்

கண் நீர் அழுத்தத் தாக்குதல் வந்துபோன கண்ணில் ஐரிஸ் தேய்ந்து ஒட்டும் இருக்கும். அறுவை செய்த கண்ணிலும் ஒட்டு வரும், தழும்பைத் தேடுங்கள். கடும் கிட்டப்பார்வையில் கோராய்டு தேய்ந்த வெள்ளைத் திட்டும், லேசர் வைத்த புள்ளிகளும் பழைய அழற்சித் தழும்பு போலவே இருக்கும். லேசர் என்றால் ஒரே அளவில் வரிசையாக இருக்கும். குழந்தையிடம் அழற்சி மாதிரி தெரிவது கண் புற்றுநோயாகவும், முதியவரிடம் லிம்ஃபோமாவாகவும் (நிணநீர்ச் செல் புற்றுநோய்) இருக்கலாம். இவர்களை எண்ணிக்கையில் போடும் முன் மேல்மருத்துவமனைக்கு அனுப்புங்கள்.

படி 8: காரணத்தைத் தேடும்போது

ஊருக்கு ஊர் காரணம் மாறும். பிரேசிலின் தெற்கே எரெஷிம் பகுதியில் 1,042 பேரைப் பரிசோதித்து 1992-ல் வெளியிட்ட ஆய்வில் 184 பேருக்கு, அதாவது 17.7 சதவீதத்தினருக்கு, கண் டாக்ஸோபிளாஸ்மா (ஓர் ஒட்டுண்ணித் தொற்று) இருந்தது. மதுரையில் 1993-ல் வந்த பெருவெள்ளத்துக்குப் பிறகு லெப்டோஸ்பைரா (எலிக்காய்ச்சல் கிருமி) யுவைட்டிஸ் அலையாக வந்தது. கோயம்புத்தூரில் 2004-05-ல் டாக்ஸோபிளாஸ்மா பரவியபோது நோயாளிகளின் வீடுகளை வரைபடத்தில் குறித்ததில், ஒரே நீர்த்தேக்கத்திலிருந்து குடிநீர் பெறும் பகுதியில் அவர்கள் குவிந்திருந்தது தெரிந்தது. அதனால் படிவத்தில் தொழில், குடிநீர் எங்கிருந்து வருகிறது, வயலில் இறங்குவாரா, ஆற்றிலோ குளத்திலோ குளிப்பாரா, மாடு வளர்க்கிறாரா, முதல் தொந்தரவு எந்த மாதம் வந்தது என்று ஆறு கட்டம் சேருங்கள். செலவில்லாத கட்டங்கள் இவை.

எல்லோருக்கும் ரத்தம் எடுக்கத் தேவையில்லை. காசநோய்க்கான தோல் சோதனையான மான்டூ பாசிட்டிவ் வந்தாலே காசநோய் யுவைட்டிஸ் என்று எழுதுவது நம் நாட்டில் பெரிய தவறு. நோயில்லாமல் கிருமி மட்டும் உள்ளவர்கள் ஏராளம். டாக்ஸோபிளாஸ்மா ஐ.ஜி.ஜி. (ரத்தத்தில் உள்ள எதிர்ப்பொருள்) பாசிட்டிவும் அப்படியே. அது நெகட்டிவாக வந்தால்தான் அதிகப் பயன். காரணம் தெரியாவிட்டால் “தெரியவில்லை” என்று எழுதும் கட்டம் இருக்கட்டும்.

அழற்சியோடு கிடைத்தவரை அன்றே சிகிச்சைக்கு அனுப்ப வண்டி ஏற்பாடு வேண்டும். முகாமிலேயே ஸ்டீராய்டு மாத்திரை கொடுக்கக் கூடாது. காசநோயும் கிருமித் தொற்றும் இல்லை என்று தெரியும் முன் அது கண்ணையும் ஆளையும் கெடுக்கும்.

படி 9: கணக்கும் அறிக்கையும்

ஆட்களை எண்ணுங்கள், கண்களை அல்ல. 5,000 பேரில் 15 பேர் கிடைத்தால் லட்சத்துக்கு 300. ஆனால் 15 என்பது சின்ன எண். அரிய நிகழ்வுகளை எண்ணப் பயன்படும் பாய்சான் முறையில் அதன் 95 சதவீத வரம்பு 8.4 முதல் 24.7 வரை, லட்சத்துக்கு 168 முதல் 494 வரை. கொத்து மாதிரி என்பதால் உண்மையில் இன்னும் அகலம். இந்த வரம்பு இல்லாமல் 300 என்று மட்டும் பத்திரிகைக்குக் கொடுக்காதீர்கள்.

வயதையும் சரிக்கட்ட வேண்டும். கலிஃபோர்னியாவில் 65-க்கு மேற்பட்டோரிடம் நிகழ்வு வீதம் மிக அதிகமாகவும் குழந்தைகளிடம் மிகக் குறைவாகவும் இருந்தது. நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்களை மட்டும் பார்த்த ஆய்வை எல்லா வயதுக்குமான ஆய்வோடு ஒப்பிட்டால் தப்பான விடைதான் வரும். வயதுவாரி வீதங்களை அட்டவணையாகவே கொடுத்துவிட்டால் படிப்பவர் தாமே சரிக்கட்டிக்கொள்வார்.

அறிக்கையின் முதல் வாக்கியம் இந்த அச்சில் இருக்கட்டும்: “இன்ன மாவட்டத்தில் இன்ன வயதுக்கு மேற்பட்ட இத்தனை பேரைத் தேர்ந்தெடுத்து, இத்தனை பேரைக் கண் விரித்துப் பரிசோதித்தோம், இப்போது அழற்சி உள்ளவர் லட்சத்துக்கு இத்தனை, ஆறிய தடயம் மட்டும் உள்ளவர் இத்தனை, இந்நோயால் ஒரு கண்ணிலாவது 6/18-க்குக் கீழே பார்வை இழந்தவர் இத்தனை, அறுவை, அடி, முற்றிய கண்புரை ஆகியவற்றால் வந்தவை இதில் சேரவில்லை.”